சாட்சியிடம் பேசுவது எப்படி

சார்பு நீதிபதியாக இருந்த பெர்சியை நாகமலை புதுக்கோட்டைச் சாலையில் இருந்த பயிற்சி மையத்துக்குத் துணை இயக்குநராக அனுப்பியிருந்தார்கள். நீதிபதிகளும் வருஷா வருஷம் படித்தே ஆகவேண்டும் என்பது விதி. அவர்களை வரவழைப்பது, பாடம் நடத்த ஆள் பிடிப்பது, முடிந்ததும் சான்றிதழ் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வருகிறவர்கள் சனிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏசி குளிரில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பிரியாணி முடிந்ததும் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். பேராசிரியர்கள் பேசிப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற பெரிய நீதிபதிகளும் பேசிப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் ஏறவில்லை.

கோர்ட்டில் அடிபட்ட ஒருத்தியையே பேச வைத்தால் என்ன என்று பெர்சிக்குத் தோன்றியது. தெரிந்த வக்கீல் ஒருவர் ஒச்சாயியைப் பற்றிச் சொன்னார். எழுமலையில் பருத்தி எடுக்கப் போகிறவள். அவளுடைய பதினான்கு வயது மகளைக் அந்தப் பருத்திக் காட்டுச் சொந்தக்காரரின் தம்பி கெடுத்துவிட்டான். வழக்கு நடந்து அவன் விடுதலையாகிவிட்டான். மகள் திருப்பூர் மில்லுக்குப் போனவள், ஊருக்குத் திரும்பவே இல்லை.

பெர்சி நேரிலேயே போய்க் கேட்டாள்.

"ஜட்ஜு அய்யாமாருக்கு நா என்னத்தம்மா சொல்லப்போறேன்?" என்றாள் ஒச்சாயி.

"நடந்ததச் சொன்னாப் போதும். புள்ள பேர மட்டும் சொல்லிறாதீங்க."

"சொன்னாக் கேப்பாகளா?"

"கேக்கணும்னுதாம்மா கூப்புடுறேன்."

அந்தச் சனிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. ஒச்சாயி மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்புள்ளய சத்தமாச் சொல்லுன்னாக. சொன்னா. இன்னும் சத்தமான்னாக. கதவு தெறந்து கெடக்கு. வாசல்ல போலீசு நிக்கிது, அடுத்த கேசுக்கு வந்த ஆளுக எட்டிப் பாக்குதுக. மறுபடியும் கேட்டாக. அவ வாயத் தெறக்கல. அதுக்கப்பறம் எதையுமே சொல்லல. அவ சொல்லாததுனாலதான் அவன விட்டுட்டாகளாம்."

சிலர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி பெர்சிக்கு அப்போது வந்தது.

தேநீர் இடைவேளையில் ஒச்சாயி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அந்தா, சமோசா திங்கிறாருல்ல, சந்தனக்கலர் சட்ட. எம்புள்ள கேசக் கேட்டது அந்த அய்யாதாம்மா."

பெர்சி திரும்பிப் பார்த்தாள். அழகுபாண்டி, வேறு மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர். முன்பு அந்தக் கோர்ட்டில் இருந்தவர் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"கிட்ட வந்து, நல்லாப் பேசுனீங்கம்மான்னு சொல்லிட்டுப் போறாரு. அவருக்கு என்னைய அடையாளமே தெரியல."

பெர்சி அவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "சார், அந்த அம்மா சொன்ன கேஸ் நீங்க விசாரிச்சது."

அவர் உண்மையாகவே யோசித்தார். "அப்படியா மேடம்? மாசத்துக்கு எம்புட்டு கேசு வருது. தீர்ப்பு தப்புன்னா அப்பீல் போயிருக்கலாமே அவங்க." கோபமில்லை, கூச்சமும் இல்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டார்.

மதியம் குழந்தைச் சாட்சியிடம் கேள்வி கேட்டுப் பழகும் பயிற்சி. அழகுபாண்டியின் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிட்ட கையோடு கார் கிளம்பிவிட்டதாகக் காவலாளி சொன்னார். பெர்சி அவருடைய சான்றிதழை நிறுத்தி வைத்தாள்.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டார். "அவருக்கு பிரமோஷன் வர்ற நேரம். ஒரு மத்தியானம் இல்லங்கிறதுக்காக நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

"சார், அவர மாதிரி ஆளுகளுக்காகத்தான் அந்த வகுப்பே."

"இனிமே வெளியாளுகளக் கூப்புட வேணாம் பெர்சி. எங்களையே கூண்டுல ஏத்துறீங்களான்னு ரெண்டு மூணு பேரு போன் போட்டுட்டாங்க." சொல்லிக்கொண்டே சான்றிதழில் அவரே கையெழுத்துப் போட்டார்.

அந்த வார இறுதியில் ஒச்சாயி போன் செய்தாள். அரங்கில் யாரோ அவள் பேசியதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது கைமாறிக் கைமாறி எழுமலைக்கு வந்து, திருப்பூருக்கும் போய்விட்டது.

"எம்புள்ளகிட்ட, ஒம்பேரச் சொல்லலயே தாயின்னேன். ஒன் மூஞ்சி தெரியுதே, ஒன்னையப் பாத்தா நா யாருன்னு தெரியாதான்னு கேக்குறா. கூட வேல பாக்குற புள்ளைகளும் பாத்துருச்சுகளாம். இப்ப நா போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறா."

பெர்சி இயக்குநரிடம் விசாரணை கேட்டாள். "யாரப் போயி விசாரிக்கிறது? இருந்தது அம்புட்டும் ஜட்ஜு," என்றார் அவர். எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். பதில் வரவில்லை.

ஒச்சாயியை அழைத்து, "நா திருப்பூருக்குப் போயிப் பேசிப் பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா," என்றாள் ஒச்சாயி. குரலில் வருத்தம்கூட இல்லை. "பேசுன வரைக்கும் போதும். வேலைக்கு வண்டி வந்துருச்சு, வைக்கிறேன்."

அதன்பிறகும் பெர்சி சில முறை அந்த எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்துத் தானாகவே நின்றது.