சங்கிலி மாட்டாத படலை

பின்வயல் படலையின் சங்கிலி மாட்டப்படாமல் தொங்குவதை யோசெப்பின் நேற்றுப் பின்னேரமே கண்டிருந்தாள். கண்டும் மாட்டவில்லை. கடைசியாக அந்தப் படலையால் வந்தவள் ஜொய்சி, மறந்தவளும் அவள்தான். காலையில் பண்ணைக்கார மதாம் வந்து தன் கண்ணாலேயே பார்க்கட்டும், தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற பிள்ளையின் கவனம் என்ன அழகென்று தெரியட்டும். படலை சாத்தித்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது. அப்படி நினைத்துக்கொண்டு கணவன் கிறிஸ்தோப்பரின் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று விடியக் கிறிஸ்தோப்பர் அவளை இல்-பிசார் குதிரைப் பண்ணையில் இறக்கிவிட்டுப் போனபோது, பின்வயல் முழுவதும் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவில் கனெல் என்ற குதிரை நின்று தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது.

கோடையில் மொட்டையாகிப்போன வயல் செப்டெம்பர் மழையில் திரும்பத் தளிர்க்க, மதாம் அதை மூடி வைத்திருந்தாள். புல் ஒரு சாண் உயரும்வரை எந்தக் குதிரையும் கால் வைக்கக்கூடாது. பிறகும் மின்சாரம் ஓடும் வெள்ளை நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கட்டி, பட்டை பட்டையாகத்தான் மேயவிட வேண்டும். அந்த நாடாவைத் தள்ளிக் கட்டுவது யோசெப்பினின் வேலை. ஆனால் கனெலுக்கு அதுவும் கிடையாது. குளிரில் புல் வளராது, வெயிலில் ஊறிய இனிப்பு புல்லின் தாளிலேயே தங்கிவிடும், அது கனெலின் குளம்புக்கு நஞ்சு. அதனால்தான் படலைக்கு இந்தப் பக்கம் கல் போட்ட முற்றத்தில் தனியாக நிறுத்தி, இனிப்புப் போக ஊறவைத்த வைக்கோலைக் கொடுத்துவந்தார்கள். போன இலையுதிர்காலத்தில் அதன் முன்கால்கள் இரண்டும் வீங்கி நிற்க முடியாமல் போனபோது, ஐஸ் தண்ணீர் வாளிக்குள் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவள் யோசெப்பின். இன்னொருமுறை வந்தால் உயிரை முடிக்கிற ஊசிதான் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். மதாம் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். கழுத்தில் விரலை வைத்துக் காட்டியது எல்லா மொழியிலும் விளங்கியது.

அவ்வளவு செய்தும் அந்தக் குதிரைக்கு ஜொய்சியைத்தான் பிடித்திருந்தது.

ஜொய்சி, கிறிஸ்தோப்பரின் தம்பி றொக்சனின் மனைவி. வசந்தத்தில் அவளை இங்கே கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்ததும் யோசெப்பின்தான். தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டாள். கோயில் பெருநாளுக்கு யோசெப்பின் விடிய விடிய உருட்டிய ரோல்ஸைத் தட்டில் அடுக்கி நீட்டியவள் ஜொய்சி, சனம் புகழ்ந்ததும் அவளைத்தான். இங்கேயும் அதே கதை. அவளுடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலே கனெல் கனைக்கும். யோசெப்பின் போனால் பின்பக்கத்தைக் காட்டும். ஜொய்சிக்கு நல்ல கை என்று மதாம் சொன்ன அன்று யோசெப்பினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குதிரை அவள் கையில் முகத்தைப் புதைக்கிற நேரமெல்லாம், பார்க்கச் சகிக்காமல் யோசெப்பின் திரும்பிக்கொள்வாள்.

இப்போது வாளியில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு வயலுக்குள் நடந்தாள்.

"கனெல், வா ராசாத்தி. வாம்மா."

கனெல் நிமிர்ந்து பார்த்தது. நாலு அடி தள்ளிப்போய் மறுபடி மேய்ந்தது. அவள் சுற்றிவளைத்துப் போனாள். அது இன்னும் தள்ளிப்போனது. வெயில் மரங்களுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. காலெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கி, கெஞ்சி, ஏசி, கடைசியில் அழுகை வந்துவிட்டது.

பிள்ளையைக் கார்டெறிக் காப்பகத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்த ஜொய்சி படலையடியில் திகைத்து நின்றாள்.

"ஐயோ அக்கா, ஆர் இதைத் துறந்துவிட்டது?"

"அதைப் பேந்து கதைப்பம். நீ கூப்பிடு."

"நீங்கள் கூப்பிட வரேல்லையோ?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"வரேல்லை," என்றாள் யோசெப்பின். "நீ கூப்பிட்டால்தான் வரும். கூப்பிடு."

ஜொய்சி நாக்கைச் சொடுக்கி ஒருதரம்தான் கூப்பிட்டாள். கனெல் கடைவாயில் புல் தொங்க ஓடிவந்து, யோசெப்பினைத் தாண்டிப் படலையால் முற்றத்துக்குள் நுழைந்தது. யோசெப்பின் பின்னால் வந்து படலையைச் சாத்திச் சங்கிலியை மாட்டினாள். இந்தமுறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. அதனால் ஜொய்சியின் கை ஜக்கெட் பொக்கற்றுக்குள் போய் வருவதைக் கண்டாள்.

"என்னடி அது?"

"பனங்கட்டி அக்கா. நீங்கள் தந்ததுதான்."

சண்டையால் ஊரில் பாதை பூட்ட முதல் யோசெப்பினின் அம்மா அனுப்பிய கடைசிப் பொதி. இனி எப்போது வருமோ என்று பனங்கட்டி இருந்த ஓலைக் குட்டான்களை எண்ணியெண்ணி வைத்துக்கொண்டு, மனமில்லாமல் அவளுக்கும் கொடுத்தது.

"இதுக்கு இனிப்புக் குடுக்கக்கூடாதெண்டு மதாம் எத்தினைதரம் சொன்னவ!"

"சீனி குடுக்காதை எண்டுதானே சொன்னவ?" ஜொய்சியின் முகத்தில் ஒரு சூதும் இல்லை. "இது பனங்கட்டியெல்லே. மாமா சலரோகக்காரன், அவருக்கே நீங்கள் இதைத்தானே தேத்தண்ணியோட குடுக்கிறனீங்கள்."

மாமனாருக்குக் கொடுக்கிறவள் யோசெப்பின்தான். சீனியைவிட இது நல்லது மாமா என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பவளும் அவள்தான்.

ஜொய்சியின் கையிலிருந்த துண்டைப் பறித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அதேநேரம் மதாமின் கார் வாசலில் வந்து நின்றது. படலையைச் சொல்லலாம். பனங்கட்டியைச் சொல்லலாம். சொன்னால் ஜொய்சி நாளைக்கு இங்கே இருக்கமாட்டாள்.

மதாம் போன்ஜூர் சொல்லிக்கொண்டு வந்தவள், வயலின் வெள்ளையில் கறுப்பாகப் பதிந்திருந்த குளம்படிகளைக் கண்டு நின்றாள். நேற்றுக் கடைசியாகப் படலையைப் பார்த்தது யார் என்று பிரெஞ்சில் கேட்டாள். ஜொய்சி நிலத்தைப் பார்த்தாள்.

கனெல் ஜொய்சியை விட்டுவிட்டுத் திரும்பி யோசெப்பினிடம் வந்தது. பச்சை நுரை படிந்த உதட்டால் அவளுடைய பனங்கட்டி பொத்திய கையை முகர்ந்து, விரலிடுக்குகளை நிமிண்டியது. அதன் சூடான மூச்சு மணிக்கட்டுவரை ஏறியது. கடைசியாகப் பார்த்தது யார் என்று மதாம் திரும்பவும் கேட்டாள். யோசெப்பின் கையை விரிக்கவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை.