சமையலறையின் நாலாவது சுவர்

எங்கள் சமையலறையில் ஒரு சுவரில் மட்டும் ஆணி அடிக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் காலண்டர் மாட்டலாம் என்று முயன்று, ஆணி வளைந்து, கட்டைவிரல் நசுங்கியதுதான் மிச்சம். என் கணவர் ஆராவமுதன் விரலைப் பார்க்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ராஜி, இது கோட்டைச் சுவராக்கும். பீரங்கிக்கே அசையாதது உன் ஆணிக்கா அசையப்போறது?" என்றார்.

பெங்களூர் கோட்டைப் பகுதியில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அவருடைய கொள்ளுத்தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். கோட்டையை இடித்து இடித்து ஆஸ்பத்திரியும் ரோடும் கட்டியது போக, எங்கள் சந்தில் மட்டும் மதில் ஒரு துண்டு தப்பியிருந்தது. அதில் உத்தரத்தைச் செருகி, மூன்று சுவர் மட்டும் எழுப்பி வீடு கட்டிக்கொண்டார் அந்தப் புண்ணியவான். அக்கம்பக்கத்தாரும் அப்படியே செய்தார்கள். ஆனால் அவர்கள் கெட்டிக்காரர்கள். மதிலுக்குச் சிமெண்ட் பூசி, பச்சை டிஸ்டெம்பர் அடித்து, வாயை மூடிக்கொண்டார்கள்.

இவருக்கு வாய் மூடாது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சமையலறைக்குள் வந்து சுவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்.ஐ.சி. ஏஜெண்ட் பார்த்தார். கேஸ் சிலிண்டர்காரர் பார்த்தார். என் மாமியார் தவறியபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். முதலில் கெம்பேகௌடர் கட்டிய மண்கோட்டை, பிறகு ஹைதர் அலியின் கல்கோட்டை, பிறகு வெள்ளைக்காரன் வந்து உடைத்தது என்று வரிசையாகச் சொல்வார். நடுவில் லக்ஷ்மம்மா கதை வரும். கோட்டை வாசல் கட்டக் கட்ட விழுந்துகொண்டே இருந்ததாம். கெம்பேகௌடரின் கர்ப்பிணி மருமகள் லக்ஷ்மம்மா தன்னையே பலி கொடுத்த பிறகுதான் வாசல் நின்றதாம். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் அடுப்படியில் அவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருப்பேன். எந்தச் சுவர் நிற்கவும் ஒரு மருமகள் தேவைப்படுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூற்றேழில் எங்கள் சந்தில் ரோட்டை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி, எல்லார் வீட்டிலும் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார்கள். கோடு எங்கள் முன் அறையோடு நின்றது. முன் அறை போகும், பின்பக்கம் தங்கும். பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் வாசலில் பூக்கடை வைத்திருந்தார். தாய்மொழி கன்னடம், எங்களோடு பேசுவது தமிழ். அவருக்குக் கடை போய்விடும், குடியிருக்கும் அறை தப்பிவிடும்.

"சும்னே இருந்துடுங்க சாமி," என்றார் அவர். "முன்னாடி போனா போவட்டும். படுக்க ஒரு ரூம் இருந்தா சாகு, அது போதும்."

ஆராவமுதன் கேட்டால்தானே? முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சர்க்காருக்கு விஷயம் தெரியாததால்தான் தப்பு நடக்கிறது, தெரிந்தால் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்புகிறவர்.

"ஏன்னா, நமக்கெதுக்கு வம்பு? குடியிருக்கப் பாதி ஆம் மிஞ்சறதே, அது போறாதா?" என்றேன்.

"இது கோட்டைச் சுவர்னு தெரிஞ்சா ரோட்டையே வேற பக்கம் திருப்பிடுவா. நம்ம ஆம் முழுசா நிக்கும். முனிகிருஷ்ணன் கடையும் நிக்கும். பாரேன்," என்றார்.

இவர் எழுதிப் போட்ட மனுவைப் பார்த்து, பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மிக மரியாதையான மனிதர்கள். கற்களைப் பார்த்ததும் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். புது டிகாஷனில் காபி கொடுத்தேன்.

"இது எவ்வளவு தூரம் போகிறது சார்?" என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார்.

இவர் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டார். நான் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. அவர்களை முனிகிருஷ்ணன் வீட்டுக்குள் அழைத்துப்போய், பச்சைச் சுவரில் தானே சிமெண்டைக் கொத்தி, உள்ளே இருந்த கல்லைக் காட்டினார். முனிகிருஷ்ணன் மாலை கட்டிக்கொண்டிருந்த நாரைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி சின்னக் குரலில் ஏதோ கேட்டாள்.

நோட்டீஸ் வந்தது. மதில் புராதனச் சின்னம், அது காப்பாற்றப்படும். மதிலும் அதை ஒட்டிய நிலமும் சர்க்காருடையவை. ஆகவே மதில்மேல் சாய்த்துக் கட்டிய வீடுகள் எல்லாம் ஆக்கிரமிப்பு. அவற்றை முழுதாகக் காலி செய்ய வேண்டும். ஆக்கிரமிப்புக்கு நஷ்ட ஈடு கிடையாது.

இவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு அந்த அலுவலகத்துக்கும் இந்த அலுவலகத்துக்குமாக அலைந்தார். அந்த மரியாதையான அதிகாரி, "நீங்கள்தானே சார் காட்டினீர்கள்?" என்று வருத்தத்தோடுதான் கேட்டாராம்.

சந்தில் யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். முனிகிருஷ்ணன் மட்டும் சாமான் ஏற்றிய வண்டியோடு எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"ஒரு வார்த்த பேசாம இருந்திருக்கலாம் சாமி," என்றார். அவ்வளவுதான். அவமானத்தில் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நாங்கள் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையோரம் ஒரு வாடகை போர்ஷனுக்குப் போனோம். ரயில் போனால் சுவர் அதிரும். இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வயதாகிறது என்று நினைத்தேன்.

வீடுகளை இடித்தபோது மதிலுக்குள் செருகியிருந்த உத்தரங்களைப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். ஓட்டைகளை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஐப்பசி மழை அவற்றின் வழியாக இறங்கி, கற்களுக்கு நடுவே இருந்த மண்ணை ஊற வைத்தது. ஒரு மத்தியானம் மதில் முழுதும் சரிந்துவிட்டது. இத்தனை காலமும் அது எங்கள் வீடுகளின்மேல் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறது.

கேள்விப்பட்டு பஸ் பிடித்துப் போனோம். லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதில் போய்விட்டதால் ரோட்டை இன்னும் அகலமாகவே போடலாம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எதிர்ப்புறம் நடைபாதையில் ஒரு கூடைப் பூவோடு முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பூவுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி கூட்டத்தில் வயதானவராகத் தேடி இவரிடம் வந்தாள்.

"சார், இது எந்தக் காலத்துச் சுவர்னு தெரியுமா? யார் கட்டினது?"

இவர் உதடு அசைந்தது. எனக்கு அந்த வரிசை மனப்பாடம். கெம்பேகௌடர், ஹைதர் அலி, வெள்ளைக்காரன். முப்பது வருஷமாக இந்த மனுஷர் வாயை மூடமாட்டாரா என்று பெருமாளை வேண்டிக்கொண்டவள் நான். இப்போது, சொல்லுங்களேன், ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்களேன் என்று அதே பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

"தெரியாதும்மா," என்றார். "நான் இந்த ஊரே இல்லை."

அவள் வேறு ஆளைத் தேடிப் போனாள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று கேட்டார்.