ரமீரோ ஒட்டிய ஓடு

ரமீரோ துணிக்கூடையோடு என் கதவைத் தட்டியபோது காலை ஏழு மணி. வெயில் அதற்குள் மாடிப்படியைச் சுட ஆரம்பித்திருந்தது. விவாகரத்தாகி நாலு வருடத்தில் அவன் இந்த மாடிக்கு ஏறி வந்ததே இல்லை. கூடைக்குள், பழைய துண்டின் மேல் ஜெனரல் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பாலைவன ஆமை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. துண்டு தொப்பலாக நனைந்திருந்தது.

"தூக்கினியா?" என்றேன்.

"தூக்காம எப்படிக் கொண்டு வர்றது, லிடியா?"

எங்கள் பாலைவன ஊரான டூசானில் ஆமை வளர்க்கும் யாரும் ஜூன் மாதத்தில் அதைத் தூக்க மாட்டார்கள். பயந்தால், மாதக்கணக்கில் உடம்புக்குள் சேர்த்து வைத்த தண்ணீரையெல்லாம் ஒரே மூச்சில் சிறுநீராக விட்டுவிடும். மழை வரும்வரை அதற்கு அந்தத் தண்ணீர்தான் கதி. தெரிந்தும் தூக்கி வந்திருக்கிறான் என்றால் விஷயம் சின்னதில்லை.

"ஓட்டுல கல்லு விழுந்து விரிசல் விட்டுடுச்சு. பத்து நாளாச்சு. நான் அடைச்சுட்டேன். ஆனா ரெண்டு நாளா நாத்தம் அடிக்குது."

நீச்சல்குளங்களின் விரிசலை அடைப்பது ரமீரோவின் தொழில். கண்ணாடி இழைத் துணி, பிசின், உப்புத்தாள், முப்பது வருட அனுபவம். விரிசலைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. ஒருமுறை என் அம்மாவின் சுருக்கம் விழுந்த முகத்தை அவன் பார்த்த பார்வையே எனக்குப் பிடிக்கவில்லை. ஜெனரலின் முதுகில் ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஓட்டின் மண்நிறத்தைக் கலந்து பூசி, வளையக் கோடுகளைக்கூடக் கத்திமுனையால் கீறி விட்டிருந்தான். குனிந்து மோந்தேன். கெட்டுப்போன இறைச்சி வாடை.

அவனோடு பேச்சு வளர்க்காமல் வண்டிச் சாவியை எடுத்தேன். இந்த ஆமையை எங்கள் மாநிலத்தில் விலைக்கு வாங்க முடியாது. வளர்க்கச் சொல்லி அரசாங்கம் எழுதிக் கொடுக்கும். எழுதியது என் பேரில். பிரிந்தபோது எனக்கு மாடி வீடு, அவனுக்குத் தோட்டம் வைத்த வீடு. மண்ணில் வளை தோண்டி வாழ்கிற பிராணிக்கு மாடியில் என்ன வேலை என்று நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

கால்நடை மருத்துவர் சோசிக்கு அறுபது வயதிருக்கும். ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு வேலை இது?"

"நான்தான், டாக்டர்."

"ரொம்ப அழகா இருக்கு. இதுதான் அதைக் கொன்னுட்டிருக்கு."

"ஒரு பொட்டுத் தண்ணி இறங்காம அடைச்சேன்."

"அதத்தான் சொல்றேன். குளமா இது? எலும்புங்க, உயிருள்ள எலும்பு. உள்ள பிடிக்கிற சீழ் எங்க போகும்?"

மயக்க ஊசி போட்டு, சின்ன ரம்பத்தால் ஒட்டை அறுத்து எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து எங்களை உள்ளே கூப்பிட்டார். உள்ளங்கை அளவுக்குத் திறந்த புண். அதன் ஓரத்தில் வரிசையாக நாலு ஓட்டை.

"கல்லுக்குப் பல்லு இருக்குமா?" என்று கேட்டார்.

ரமீரோ தரையைப் பார்த்தான். சொம்ப்ரா என்று ஒரு கறுப்பு நாய் அவனிடம் இருக்கிறது. நான் அந்த வீட்டைவிட்டுப் போன மாதமே எங்கிருந்தோ வந்து அவனோடு ஒட்டிக்கொண்ட நாய். தோட்டத்தை இரண்டாகத் தடுத்து வேலி போட்டிருந்தான். நாய் அழுகிறது என்று ஒருநாள் வேலிக்கதவைத் திறந்து விட்டிருக்கிறான்.

"நாய் இருக்கிற வீட்டுக்கு இதத் திருப்பி அனுப்ப மாட்டேன்," என்றார் டாக்டர். "ஒண்ணு நாய், இல்ல ஆமை. பொழைச்சாத்தான் அந்தப் பேச்சே. இப்போதைக்குப் பாதிக்குப் பாதி. தெனம் கழுவணும். மூடவே கூடாது."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நிழலே இல்லை.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா வந்து எடுத்துட்டுப் போயிருப்ப."

"உனக்குத்தான் நாய் இருக்கே."

"இருக்கு. ரெண்டுல எது போனாலும் என்னால அந்த வீட்டுக்குள்ள நுழைய முடியாது, லிடியா."

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. கோபம்தான் கூட.

ஜெனரல் என் குளியலறைக்கு வந்தது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கோடை முழுக்க விடுமுறை. ஆனாலும் புண்ணைக் கழுவ ரமீரோதான் வந்தான். தினம் காலை ஐந்தரைக்கு, வேலைக்குப் போகும் வழியில். உப்புநீரைப் பீச்சி, துணியால் ஒற்றி, மருந்து தடவி, தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதன் தாடை அளவுக்கு உட்கார வைப்பான். அத்தனை நேரமும் வாய் ஓயாது. ஒரு நாள் விடாமல் அதே கேள்வி.

"எப்ப மூடலாம்?"

"மூடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"இப்படியே பொளந்து வச்சுட்டுப் போக கை வரல."

"கைய பாக்கெட்ல வச்சுக்கோ."

மூன்று வாரமாகியும் ஜெனரல் எதுவும் சாப்பிடவில்லை. முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல், செம்பருத்திப் பூ என்று வைத்தவையெல்லாம் காய்ந்தன. டாக்டர் எடை பார்ப்பார், "பார்ப்போம்" என்பார்.

நாலாவது வாரம் ஒருநாள் ரமீரோ வந்தான். கழுவினான், ஒற்றினான், மருந்து தடவினான். எப்போது மூடலாம் என்று கேட்கவில்லை. கை கழுவும்போது சொன்னான்.

"இன்னிக்கு யூமா போறேன். அக்கா வீட்டுக்கு. சாயங்காலம் வந்துருவேன்."

எதற்கு என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "இது பொழைக்கும்னு டாக்டர் இன்னும் சொல்லலையே, ரமீரோ."

"சொல்லல," என்றான்.

அவன் படி இறங்கியதும் ஜன்னலுக்குப் போனேன். வண்டியின் பின்பக்கத்தில் நாயின் படுக்கை சுருட்டிக் கட்டியிருந்தது. பக்கத்தில் அதன் தண்ணீர்க் கிண்ணம், தீவன மூட்டை. சொம்ப்ரா முன் இருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டி, அவனைக் கண்டதும் உடம்பே ஆட வாலாட்டியது. பிறகு அவன் உட்கார இடம் விட்டு மறுபக்கம் நகர்ந்துகொண்டது. ரமீரோ கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, திறக்காமல், நின்றுகொண்டிருந்தான்.