படத்தில் இல்லாத காக்கா

சங்கரன்கோவிலில் உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தவர் என்றால் அது பண்டகசாலை குமாஸ்தா காசிராஜன் ஒருவர்தான். குடித்தாரே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

பாரிஸில் முதன்முதலாகக் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது எந்த வருஷம், ருஷ்யாக்காரர்கள் படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது எதற்காக, சண்டை முடிந்த இத்தாலியில் காமிராவை ஏன் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எல்லாம் தலைகீழாகச் சொல்வார். அத்தனையும் மதுரையில் எடைக்கு வாங்கிய, அட்டை போன ஆங்கிலப் புத்தகங்களின் உபயம். அந்தப் படங்களில் ஒன்றுகூட நம் ஊர்க் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வந்திருந்தாலும் இடைவேளைக்கு முன்னால் பெஞ்சைப் பேர்த்திருப்பார்கள்.

ஒருமுறை இலாகாப் பயிற்சி என்று அவர் மதராசுக்குப் போய் வந்தார். மருந்துக்கடை குருநாதன், “அங்கன இந்தப் படமெல்லாம் போடுவாங்களோ?” என்று கேட்டான். காசிராஜன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புதான் வினை. வயிற்றுப்போக்கோடு லாட்ஜில் சுருண்டு கிடந்து, கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பியது அவர் மனைவி முத்துமாரியம்மாளுக்கு மட்டும் தெரியும்.

எல்லாவற்றையும் பார்த்தவர் என்று பெயர் வந்த பிறகு வகுப்பு எடுக்காமல் தீருமா? ஞாயிறு மத்தியானம், கோமதிநாயகம் அண்ணாச்சியின் கடலைக் கிட்டங்கியில், மூட்டைகளில் சாய்ந்துகொண்டு உலக சினிமா வரலாறு. அண்ணாச்சி கிட்டங்கியைக் கொடுத்ததற்குக் காரணம் ஒரு காக்கா.

ஒருநாள் மருந்துக்கடை வாசலில் ஒரு பழைய ஊமைப் படத்தைப் பற்றிக் காசிராஜன் பேசிக்கொண்டிருந்தார். குளிர் தேசத்துத் தாய் ஒருத்தி, சண்டைக்குப் போன மகன் வருகிறானா என்று ஓட்டின் மேல் ஏறிப் பார்க்கிறாள். புத்தகத்தில் இருந்த புகைப்படத்தில், அவள் பக்கத்துப் புகைக்கூண்டின் மேல் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அது காக்கா என்றார். மகன் செத்ததை டைரக்டர் ஒரு வார்த்தை இல்லாமல் அந்தக் காக்காவை வைத்துச் சொல்லிவிட்டான் என்று அரைமணி நேரம் விளாசினார். அம்மாவைப் பறிகொடுத்து வருஷம் திரும்பாத அண்ணாச்சி, அமாவாசை தவறாமல் காக்காவுக்குச் சோறு வைக்கிறவர். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெள்ளக்காரனுக்கும் காக்காதான் பாரேன்” என்றார். மறு ஞாயிறே கிட்டங்கிச் சாவி காசிராஜன் கைக்கு வந்துவிட்டது.

விதி யாரை விட்டது. குருநாதன் மதராசில் ஏதோ ஒரு ஃபிலிம் சங்கத்துக்கு எழுதிப் போட்டு, அதே படத்தை வரவழைத்துவிட்டான். ரயிலில் தகரப்பெட்டி வந்து இறங்கியது. கோயில் கொடை விழாக்களில் துணி கட்டிப் படம் போடும் கடையநல்லூர் தாவூது தன் சின்ன மிஷினோடு வந்தார். கிட்டங்கி ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினார்கள். செய்தி பரவி, சினிமாவுக்கு வராதவர்கள்கூடக் காக்காவுக்காக வந்திருந்தார்கள்.

காசிராஜனுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தின் அந்தப் பக்கத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு நேரம் காக்காவாகத் தெரிந்தது. ஒரு நேரம் அச்சு மசி.

“காக்கா வரலேன்னா என்ன செய்வீக?” என்று முத்துமாரியம்மாள் கேட்டாள்.

“வெளிநாட்டுக்கு அனுப்புத பிரதில காக்காவ வெட்டிட்டானுவன்னு சொல்லிருவேன். யாரு போயிப் பாக்கப் போறா?”

“மதராசுக்குப் போனவுக பாப்பாக” என்று சொல்லிவிட்டு, அவளும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வழக்கம்போல முன்னால் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. மிஷின் தையல் மிஷின் மாதிரிச் சத்தம் போட, சுண்ணாம்புச் சுவரில் ஒரு குளிர் தேசம் விழுந்தது. எந்தப் பறவை தலைகாட்டினாலும், பின்னாலிருந்து அதுவா, இதுவா என்று கிசுகிசுத்தார்கள். ஒரு கோழி நடந்து போனபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் அந்தத் தாய் ரொட்டியை வெட்டினாள். ஒரு துண்டு தனக்கு. ஒரு துண்டு இல்லாத மகனுக்கு. மகனுடையதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, நேற்று அவனுக்கென்று வைத்துப் பழசாகிப்போன துண்டையும் அவளே எடுத்துத் தின்றாள். கிசுகிசுப்பு எப்போது நின்றது என்று காசிராஜனுக்குத் தெரியவில்லை.

வேறு ஒரு பட்டாளத்துக்காரன் மகனின் தொப்பியோடு வந்து வாசலில் நின்றான். அவள் அழவில்லை. அவனை உட்கார வைத்து, அந்தத் துணியைப் பிரித்து ரொட்டியைக் கொடுத்தாள். அவன் தின்று முடிக்கிறவரை பார்த்திருந்துவிட்டு, வெளியே வந்து ஓட்டின் மேல் ஏறினாள்.

அந்தப் புகைப்படம். காசிராஜனுக்கு மனப்பாடமான அதே காட்சி. புகைக்கூண்டின் மேல் ஒன்றுமில்லை. ஆனால் அதை அவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தார். அவர் கண் அவள் கட்டியிருந்த சமையல் துணியின் முதுகுப்பக்கக் கயிற்றில் இருந்தது. அது காற்றில் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. காமிராக்காரன் அவள் முகத்தைக் காட்டவில்லை. அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

இத்தனை வருஷம் சினிமா படித்தவருக்கு, அதில் காற்று அடிக்கும் என்பது தெரியாமல் போயிற்று. புத்தகத்தில் காற்று ஏது? இத விட்டுட்டுக் காக்காவுக்கா நான் அரைமணி நேரம் பேசினேன், என்று தன்னையே தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றியது. குட்டக் கையை எடுத்தால் பின்னால் இருக்கிறவர்களுக்குப் படத்தை மறைக்கும் என்று சும்மா இருந்துவிட்டார்.

விளக்கு எரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சிதான் காசிராஜன் பக்கம் திரும்பினார்.

“காசி, காக்கா எங்கவே?”

சொல்ல வேண்டிய பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெட்டிட்டானுவ அண்ணாச்சி என்றால் போதும். சாவியும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். அண்ணாச்சிக்கும் அவர் அம்மாவின் காக்கா எங்கேயோ ஒரு நல்ல பிரதியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் இந்தப் படத்தில் ஏதோ குறை என்று ஆகிவிடுமே. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“காக்கா கிடையாது அண்ணாச்சி. புஸ்தகத்துல மசி ஒட்டியிருந்துது. படத்துல ஒரு குறையும் இல்ல. நானும் இன்னைக்குத்தான் பாக்கேன். இது மட்டுமில்ல, ஒண்ணையும் பாத்ததில்ல.”

குருநாதன் வாயைப் பிளந்தான். முத்துமாரியம்மாள் தலை குனிந்து சேலை நுனியைப் பார்த்தாள்.

“அவ அந்தப் பயலுக்கு ரொட்டியக் குடுத்தால்லா, அப்பமே நான் காக்காவ மறந்துட்டேன். இப்பம் உம்ம மூஞ்சியப் பாத்ததும்தான் ஞாபகம் வந்துது” என்றார் அண்ணாச்சி. பிறகு, “பாக்காமலே அந்தப் பேச்சு பேசினீராவே” என்று கேட்டார். திட்டா மெச்சலா என்று காசிராஜனுக்குப் பிடிபடவில்லை. அண்ணாச்சி தாவூது பக்கம் திரும்பி, இன்னொரு தடவை போட முடியுமா என்று விசாரித்தார்.

தாவூது சுருளைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தார். காசிராஜன் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் இடம் தேடினார். முத்துமாரியம்மாள் கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டாள்.

படம் ஓடத் தொடங்கியதும், புதிதாக வந்த யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் காசிராஜனின் தோளைத் தட்டி, இந்தப் பொம்பளை யாரு என்று கேட்டார்.

“அவர விடும்வே” என்றது இருட்டில் அண்ணாச்சியின் குரல். “பாத்துட்டு இருக்காரு.”