மாப்பிள்ளை சுட்ட பூனைகள்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வந்த இடத்தில் எதையாவது சரிசெய்தே தீருவார். போன தடவை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைச் சரிசெய்தார். அதற்கப்புறம் வேறு மிக்ஸி வாங்கினோம்.

இந்தத் தடவை என் பூனைகள்.

விரித்த புத்தகத்தின் மேல் சுருண்டு தூங்கும் பூனை. ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற பீங்கான் பொம்மை. சனிக்கிழமை புத்தகக் கடை திறக்கப்போகிற ஓர் அம்மா, தன் பூனையின் போட்டோவைக் கொடுத்துச் செய்யச் சொன்னது. நன்றாக வந்தால் கடை அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டே ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தார். சொந்தபந்தம் அல்லாத ஒருவர் என்னிடம் கேட்ட முதல் வேலை. "குடும்பத்துலயே முதல் டிகிரி, உக்காந்து மண்ணு பிசையுது" என்கிற வாய்களை அந்தத் தட்டை வைத்துத்தான் அடைக்க நினைத்திருந்தேன்.

மண்ணில் பூனைகளைப் பிடித்து, முதுகில் காந்தத்துக்குக் குழி விட்டு, காயப் போட்டுவிட்டு, மெருகுப் பொடி வாங்க வெளியூர் போனேன். கடைசி பஸ் போய்விட்டது. தோழி வீட்டில் தங்கி மறுநாள் மதியம் வந்தால், பலகை காலி. என் கரண்டுச் சூளை வெதுவெதுவென்று இருக்கிறது. பக்கத்தில் அக்கா வீட்டு மாமா, பல்லெல்லாம் தெரிய.

"உனக்கு வேலை மிச்சம்! காந்தத்தைக் குழிக்குள்ள வச்சு, மேல ஈர மண்ணு பூசி, நானே சுட்டுட்டேன். பசையே வேணாம். எப்படி ஐடியா?"

மூடியைத் திறந்தேன். பாதிப் பூனைகள் வெடித்துச் சில்லுசில்லாகக் கிடந்தன. ஈரத்தோடு சுட்டால் வேறென்ன ஆகும்? முழுசாக இருந்தவற்றை மாமா பெருமையாக அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜில் ஒன்றை ஒட்டினார். சர்ரென்று வழுக்கித் தரையில் விழுந்து தலை போனது. இன்னொன்றை ஒட்டினார். அதுவும் போனது.

"ஃப்ரிட்ஜ்லதான் ஏதோ கோளாறு."

"பழசுதானே மாப்பிள்ளை," என்று அப்பா தலையாட்டினார்.

"சூட்டுல காந்தம் செத்துடும் மாமா. அதனாலதான் சுட்டதுக்கப்புறம் ஒட்டுறது."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கேட்டீங்களா?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். "வாயை அடக்கு. வீட்டு மாப்பிள்ளைடி, மனசு நோகும்."

"பூனைக்குத் தலையே போச்சும்மா!"

"ஆசையாத்தானே செஞ்சாரு," என்றாள் அக்கா. "புது மண்ணு வாங்கித் தரச் சொல்றேன்."

மண்ணா பிரச்சினை? பூனையை ஒரே நாளில் பிடித்துவிடலாம். காய்வதை யார் அவசரப்படுத்துவது?

எல்லோர் முன்னாலும் கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமைக்கு முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். கரண்டு போச்சுன்னு சொல்லு என்று அப்பா ஜாடை காட்டினார்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் காந்தத்தோட சேத்துச் சுட்டுட்டாருங்க."

மாமாவின் முகம் சுண்டியது. அந்த அம்மா காலண்டரைப் புரட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

"திறப்புக்கு வேற ஏதாச்சும் வச்சுக்கறேன். மாசக் கடைசி வரைக்கும் தட்டு காலியா இருக்கும். அதுக்குள்ள பூனை வரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா."

அன்றைக்கே மண்ணைப் பிசைய உட்கார்ந்தேன். அறைக் கதவு திறந்தது.

"நான் யோசிச்சுப் பாத்தேன்," என்றார் மாமா. "சூட்டைக் கொஞ்சம் குறைச்சு வச்சோம்னா..."

மண் கையோடு அவரை வெளியே நகர்த்திக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவர் சட்டையில் என் ஐந்து விரலும் பதிந்திருக்கும்.

"மாப்பிள்ளை வந்திருக்கப்போ யாராச்சும் கதவைத் தாழ் போடுவாங்களாடி?" என்று வெளியே அம்மா கத்தினாள்.

"அவரு வந்திருக்காருன்னுதாம்மா போடுறேன்!"