நான்காம் பகுதியின் பூஜ்யம்

பார்வையாளர் மையத்தின் அட்டை மாதிரியை ஆர்க்கிடெக்ட் மேடம் இரு கையாலும் தூக்கி, கடற்கரை வரைபடத்தின் நான்காம் பகுதியில் வைத்தார். தீக்குச்சித் தூண்கள், விரல்நீளக் கூரை.

“மத்த மூணு பகுதியிலயும் ஆலாப் பறவைங்க கூடு கட்டியிருக்கு. இங்க மட்டும் பூஜ்யம். உன் பறவைக் கணக்கு இல்லன்னா திண்டாடியிருப்பேன்மா.”

வன அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

கணக்கெடுப்புப் படிவத்தில், பார்த்து எதுவும் இல்லையென்றால் பூஜ்யம். பார்க்கவே இல்லையென்றால் கோடு. கல்லூரியில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள். போன மாதம் மூன்று பகுதிகளைத்தான் நடந்து எண்ணினேன். விடியற்காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன். வெட்டவெளி மணல், மறைவுக்கு ஒரு புதர் இல்லை. கூட வந்தவர் வனக் காவலர் அண்ணன் மட்டும்.

“போதும்ணே, வண்டிய எடுங்க.”

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கேம்மா?”

“வேணாம்ணே.”

வீட்டில் கோடு போடத்தான் பேனாவை எடுத்தேன். கோடு போட்டால் ஏன் என்று கேட்பார்கள். பூஜ்யத்தை யாரும் கேட்பதில்லை.

“கழிப்பறை இங்க,” என்று மேடம் ஒரு சின்னப் பெட்டியைக் கூரைக்குப் பின்னால் ஒட்டினார்.

கதவோரம் நின்ற காவலர் அண்ணன் செருமினார். “சார், அந்தப் பக்கம் போனா ஆலா தலையிலயே கொத்துது. போன வாரம் தொப்பிய விட்டுட்டு ஓடியாந்தேன். கூடு இல்லாம அப்படிப் பாயாது.”

“உன் மொட்டைய முட்டைனு நெனச்சிருக்கும்யா,” என்றார் அதிகாரி. “படிச்ச பொண்ணு எண்ணி எழுதியிருக்கு. உனக்கென்ன தெரியும்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். அன்று நான் பாதியில் திரும்பியது அவருக்குத் தெரியும். தலையைத் தடவிக்கொண்டு, “சரிங்க சார்” என்றார்.

“அண்ணன் சொல்றதுதான் சரி.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “நான் அங்க போகவே இல்ல சார்.”

“போகலயா? ஏன்?”

முகம் எரிந்தது. “பாத்ரூம் போகணும்போல இருந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேடம் மாதிரியை வரைபடத்திலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அதிகாரி படிவத்தை என் பக்கம் தள்ளினார். பூஜ்யத்தை அடித்துக் கோடு போட்டேன்.

வெளியே அண்ணன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நாலாவதுல ஆரம்பிப்போம்மா. நடுவுல வண்டிய எங்க திருப்பணும்னாலும் சொல்லு. காரணம் கேக்க மாட்டேன்.”

தலையாட்டினேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.