மூன்று மணிக்கு வருகிறவள்

புது ஃபைல் திறந்து இரண்டு வரி அடித்ததுமே நீலாவதிக்குத் தெரிந்துவிட்டது. வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு வரி காலியாகக் கிடந்தது. இடது மார்ஜின் உள்ளே தள்ளி நின்றது. இதை அப்படியே பிரிண்டரில் கொடுத்தால் ஒவ்வொரு வரியின் மேலும் அது இரண்டு தடவை ஓடும். எழுத்து மை பூசியதுபோல் கருகருவென்று விழும். நேற்றுக் காலைதான் எல்லாவற்றையும் சரிசெய்தாள். ஒற்றை இடைவெளி, ஒற்றை அச்சு. இனி எல்லாக் கடிதத்துக்கும் இப்படியே இருக்கட்டுமா என்று கடைசியில் இயந்திரம் கேட்டதற்கு ஆமாம் என்று விசையைத் தட்டினாள். தட்டினாளா? தட்டியதாகத்தான் நினைவு. ஆனால் முந்தாநாளும் அப்படித்தான் நினைவு இருந்தது.

செஞ்சி கோர்ட்டுக்குப் போகும் வழியில் ராமகிருஷ்ணன் நடத்திய ஜாப் டைப்பிங் கடை அது. பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைப் போன வருஷம் வாங்கி வந்து, கதவுக்கு மேல் அதன் படத்தை எழுதி வைத்திருந்தார். காலையிலிருந்து இரண்டு மணிவரை நீலாவதி. அதன்பின் ராமகிருஷ்ணன் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவார். மூன்று மணிக்கு வேறொருத்தி வருவாள். பெயர் அசீசுன்னிசா. அனந்தபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நீலாவதி அவளைப் பார்த்ததே இல்லை. விட்டுப்போன அடையாளங்கள் மட்டும் தெரியும். நாற்காலியில் ஒரு தடித்த தலையணை. கண் கூசுகிற அளவுக்கு ஏற்றி வைத்த திரையின் பச்சை வெளிச்சம். தினமும் காலையில் தலையணையை எடுத்து பீரோ மேல் போடுவாள், வெளிச்சத்தைக் குறைப்பாள், பிறகுதான் உட்காருவாள்.

அவசரத்தில் செட்டிங்கைப் பார்க்க மறந்த நாட்களில் வினை வந்தது. போன வாரம் வக்கீல் குமாஸ்தா வெங்கடரமணன் மனுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னாம்மா இது, ஒரு பக்க மனுவ ரெண்டு பக்கத்துக்கு இழுத்து வச்சிருக்க? ஜட்ஜய்யா எடைக்கிப் போடறதுக்கா?"

ராமகிருஷ்ணனுக்கு ரிப்பன் கவலை. "டபுள் டபுளா அடிச்சித் தேய்க்கிறீங்களே, ரிப்பன் இன்னா மரத்துல காய்க்குதா?"

"நான் சரியாத்தான் சார் வச்சிட்டுப் போறேன். சாயங்காலம் வர்றவங்க..."

"அந்தம்மாவக் கேட்டுட்டேன். வேலை முடிஞ்சதும் பழையபடி மாத்திட்டுத்தான் போறேன்னு அல்லா மேல சத்தியம் பண்றாங்க. அப்ப தப்பு யாராண்ட இருக்குது?" குரலைத் தணித்துக்கொண்டார். "தை பொறந்தா ஒரு ஆளுதாம்மா. ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல. பாத்து நடந்துக்க."

அன்றிலிருந்து அவளுக்கு எதிலும் நிச்சயமில்லாமல் போயிற்று. ஸ்டவ்வை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பினாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலடி நடந்து, மறுபடி வந்து இழுத்தாள். புருஷன் உத்திராபதியிடம் சொன்னபோது, "நீதான் மறந்திருப்ப" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே. அவன் அப்படிச் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்கு ரொம்ப நாளாகப் பழகிப்போயிருந்தது. யாரும் சொல்லாமல், தானாக, தன்னைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று தேடிப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. அல்லது இருந்ததை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ரோட்டில் தண்ணீர் போகிறது, நாலு மணிவரை பஸ் இல்லை என்றார்கள். ராஜகிரிக் கோட்டையின் உச்சி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. நனைந்த புடவையோடு கடைக்கே திரும்பினாள்.

உள்ளே, தலையணை மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள் அசீசுன்னிசா. நாற்பதைத் தாண்டியவள், குள்ளம். முக்காட்டின் நுனி திரையில் உரசுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோயிருந்தாள். பக்கத்தில் ஒரு அரிசிக் கடைக்காரர் சொல்லச் சொல்ல, விரல்கள் விசைகளைப் பார்க்காமலே பறந்தன. அந்த வேகம் நீலாவதிக்கு வராது. கடைக்காரர் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனதும் முகம் திரும்பியது.

"யாரு, காலைல வர்ற தங்கச்சியா? தலகாணிய பீரோ மேல தூக்கிப் போடறது நீதான? நான் குள்ளிம்மா. தினம் ஸ்டூலு போட்டு ஏறி எறக்கறேன்."

நீலாவதிக்கு முகம் சுட்டது. இதை அவள் யோசித்ததே இல்லை. சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கோ போயின. "செட்டிங்குதான்க்கா... தினம் மாறியிருக்குது," என்றாள்.

"நானா? இத பாரு." திரையில் இருந்த கடிதத்தில் ஏதோ தட்டினாள். விலகியிருந்த வரிகள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டன. "இப்டி மாத்திட்டுத்தான் எழுந்திருக்கறேன். ஆச்சா?"

"அக்கா, அது அந்த ஒரு லெட்டருக்கு மட்டும்தான். நீங்க வந்ததும் மொதல்ல இன்னா பண்றீங்க?"

"பாண்டிச்சேரிலேர்ந்து மிஷின் மாட்ட வந்தவரு எனக்குன்னு சொல்லிக் குடுத்த சாவிங்கள வரிசையா தட்டுவேன். ஓதற மாதிரி மனப்பாடம். கடைசில இன்னாவோ கேக்கும், ஆமான்னு தட்டிடுவேன்."

"இன்னா கேக்குதுன்னு படிச்சீங்களா?"

அசீசுன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பொடி எழுத்தும்மா அது," என்றாள் அசீசுன்னிசா. பிறகு, இன்னும் மெதுவாக, "ரெண்டு கண்லயும் புரை. கைக்கு எல்லாம் தெரியும். வரி தள்ளித் தள்ளி, கறுப்பா இருந்தா அடிச்சதப் படிச்சிடுவேன். சாரு காதுல போட்டுடாதம்மா."

இனி எல்லாவற்றுக்கும் இப்படியே என்று தினமும் மதியம் இவள்தான் ஆமாம் சொல்லியிருக்கிறாள். தினமும் காலையில் நீலாவதி அதை மாற்றி ஆமாம் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் தான் மறக்கவில்லை. தான் சரியாகத்தான் செய்திருக்கிறோம்! இத்தனை நாள் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கியது. அசீசுன்னிசா கேட்டதற்குத் தலையசைத்தோமா இல்லையா என்பதை அவள் கவனிக்கவில்லை.

அசீசுன்னிசா அடுத்த கடிதத்தை அடிக்கத் திரும்பினாள். நீலாவதி வாசலுக்கு வந்தபோது, குடையை மடக்கிக்கொண்டு ராமகிருஷ்ணன் படியேறினார். "இன்னாம்மா, இன்னும் போவலியா நீ?"

"செட்டிங்க மாத்தறது நான் இல்ல சார்." குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "நான் சரியாத்தான் வச்சிட்டுப் போறேன். அவங்களுக்குத்தான் அந்த எழுத்து தெரியல."

உள்ளே விசைகளின் சத்தம் நின்றது.

ராமகிருஷ்ணன் அவளைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், குடையை உதறினார். "சரி, பஸ்ஸுக்குப் போ," என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் சாரல் அடித்தது. சந்தோஷத்தில் வந்துவிட்ட வார்த்தைதான் அது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தை மாசத்தை மனதில் வைத்துச் சொன்னோமா என்றும் கேட்டுப் பார்த்தாள். இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் வந்தது. அனந்தபுரத்தில் இறங்கும்போது, அசீசுன்னிசாவை அக்கா என்று கூப்பிட்ட வாயாலேயே அதைச் சொன்னோமோ என்றுகூடச் சந்தேகமாகிவிட்டது.

மறுநாள் காலை ராமகிருஷ்ணன் வந்திருக்கவில்லை. எதிர் டீக்கடையில் சாவி வாங்கித் திறந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். புது ஃபைலில் இரண்டு வரி அடித்தாள்.

வரிகள் நெருக்கமாக நின்றன. மார்ஜின் அவள் வைத்த இடத்தில் இருந்தது. ஒரு வரி அச்செடுத்தாள். ஒரே ஓட்டம், ஒற்றை அச்சு. எத்தனையோ காலைகளாக அவள் வேண்டிக்கொண்டது அப்படியே வந்திருந்தது. ராமகிருஷ்ணனே இரவு மாற்றினாரா? கேள்வியை யாராவது படித்துச் சொல்லி அசீசுன்னிசா சரியாகப் பதில் சொன்னாளா? அல்லது அவளை நிறுத்திவிட்டதால் இனி யாரும் மாற்றப்போவதில்லையா? தலையணை நாற்காலியிலேயே கிடந்தது, நடுவில் அழுந்திய குழியோடு. அதைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

அதை பீரோ மேல் போடக் கை நீண்டது. பிறகு அதன் மேலேயே உட்கார்ந்தாள். கால் தரையில் சரியாகப் பாவவில்லை. வெளிச்சத்தை ஏற்றினாள். இரட்டை இடைவெளி. உள்ளே தள்ளிய மார்ஜின். இரட்டை அச்சு. இனி எல்லாக் கடிதத்துக்கும் இப்படியேவா என்று பொடி எழுத்தில் கேள்வி வந்தது. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஆமாம் என்று தட்டினாள்.

வெங்கடரமணன் கத்துவார். கத்தட்டும். இன்றைக்கு இரண்டு மணி பஸ்ஸுக்கு அவள் ஓடப்போவதில்லை; மூன்று மணிவரை வாசலிலேயே இருப்பாள். முதல் மனுவைப் பிரிண்டரில் கொடுத்தாள். அது ஒரு வரியை அடித்துக்கொண்டே வலது ஓரம்வரை போயிற்று. காகிதம் நகரவில்லை. திரும்ப வந்து, அதே வரியின் மேல் இன்னொரு தடவை ஓடத் தொடங்கியது.